பழைய இரும்பும் கெட்ட நீரும்

நிலத்துக்குள் இறங்கிய நஞ்சை வெளியே எடுப்பது, ஆற்றில் கலந்ததை அகற்றுவதைக் காட்டிலும் பல மடங்கு கடினமான வேலை. ஆலைக் கழிவு நின்றுவிட்டால் ஆறு நாலைந்து வெள்ளத்தில் தன்னை ஓரளவு கழுவிக்கொள்ளும். நிலத்தடி நீருக்கு அந்த வசதி இல்லை. நல்ல மணற்படுகையில்கூட அது பெரும்பாலும் நாளுக்குச் சில சென்டிமீட்டர்தான் நகர்கிறது. களிமண்ணில் ஓர் ஆண்டு முழுவதும் சேர்ந்தாலும் அவ்வளவு தூரம் போகாது. மேலே ஒரு முலாம் பட்டறையில் முப்பது ஆண்டுக்கு முன் தரையில் சிந்தியது, பட்டறை இடிக்கப்பட்டு அந்த இடத்தில் வேறு கட்டடம் எழும்பிய பிறகும் கீழே நகர்ந்துகொண்டிருக்கும்.

இதற்கு முதலில் கையாளப்பட்ட வழி எளிமையானது: கிணறு தோண்டி, கெட்ட நீரை இறைத்து, மேலே சுத்திகரித்து, திரும்ப விடுவது. அமெரிக்காவில் 1980-இல் மாசடைந்த நிலங்களைச் சீர்செய்யத் தனிச் சட்டம் வந்தபின் நூற்றுக்கணக்கான இடங்களில் இப்படி மோட்டார்கள் ஓடின. 1994-இல் அந்நாட்டு தேசிய ஆராய்ச்சிக் குழு 77 இடங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 69 இடங்களில் சுத்திகரிப்பு இலக்கு எட்டப்படவில்லை. எண்ணெய் இறங்கிய துணியை எத்தனை முறை அலசினாலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிசுக்கு வருவதுபோல, மண்துகளிலும் களிமண் இடுக்கிலும் ஒட்டியிருந்த மாசு, புதிய நீர் வர வர மெல்லக் கரைந்து வந்துகொண்டே இருந்தது. மின்கட்டணமும் பம்பு பழுதும் ஆளும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன.

இந்தத் தோல்வியிலிருந்து பிறந்ததுதான் எதிர்த் திசை யோசனை. நீரை மருந்திடம் கொண்டுவருவதற்குப் பதிலாக, நீர் தானாக ஓடும் வழியில் மருந்தைக் குழி வெட்டிப் புதைத்து வைத்தால் என்ன? நீரோட்டத்துக்குக் குறுக்கே ஓர் அகழி வெட்டி, நீரை ஊடுருவ விடுகிற, ஆனால் மாசோடு வினைபுரிகிற பொருளை அதில் நிரப்புகிறார்கள். நீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தெளிந்து வெளியேறுகிறது. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. மேலே புல் முளைத்துவிட்டால் அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. இதை வினைச்சுவர் என்று அழைக்கலாம். சுவர் என்றாலும் இது நீரைத் தடுப்பதில்லை. தடுத்தால் காரியம் கெட்டது.

சுவருக்கான முதல் பொருள் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் தற்செயலாகக் கிடைத்தது. 1980-களில் அங்கே நடந்த ஆய்வின் நோக்கம் வேறு. கிணற்றிலிருந்து நீர் மாதிரி எடுக்கும் குழாய்கள் மாதிரியைக் கெடுக்கின்றனவா என்று சோதித்தார்கள். பிளாஸ்டிக் குழாய்கள் கரிமக் கரைப்பான்களைக் கொஞ்சம் உறிஞ்சின, அது எதிர்பார்த்ததே. ஆனால் இரும்பு போன்ற சில உலோகங்களோடு வைத்த நீரில் அந்தச் சேர்மங்கள் குறைந்துகொண்டே போயின. உறிஞ்சப்பட்டிருந்தால் ஓரளவில் நின்றிருக்க வேண்டும், அப்படி நிற்கவில்லை. சேர்மம் உடைந்துகொண்டிருந்தது என்பதைப் பேராசிரியர் ராபர்ட் கில்ஹாம் பிற்பாடு உணர்ந்தார். உலோக இரும்பு குளோரின் கொண்ட பூச்சிமருந்துகளைச் சிதைக்கும் என்பது 1970-களின் காப்புரிமை ஒன்றிலேயே இருந்தது. அதை நிலத்துக்குள் வைக்கலாம் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

1991-இல் டொராண்டோவுக்கு வடமேற்கே உள்ள போர்டன் ராணுவத் தளத்தில் முதல் சோதனைச் சுவர் புதைக்கப்பட்டது. நீளம் ஐந்தரை மீட்டர், தடிமன் 1.6 மீட்டர். எடையில் 22 சதவீதம் இரும்பு, மீதி மணல். இரும்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது: உள்ளூர்ப் பட்டறை ஒன்றின் கழிவுத் துகள். கடைசல் எந்திரம் சீவித் தள்ளியதை அள்ளி வந்து மணலில் கலந்தார்கள். ட்ரைகுளோரோஎத்திலீன் என்னும் உலோகக் கழுவு கரைப்பான் லிட்டருக்குச் சுமார் 250 மில்லிகிராம் என்ற கடுமையான அளவில் வந்து சேர்ந்தது. அதில் 90 சதவீதம் சுவரைக் கடப்பதற்குள் மறைந்தது. ஐந்து ஆண்டு கண்காணிப்பிலும் செயல் குன்றவில்லை. அதற்குள், 1994-95-இல், கலிபோர்னியாவின் சன்னிவேலில் மின்னணு ஆலை ஒன்றின் நிலத்தில் இந்த முறை வணிக அளவுக்கு வந்துவிட்டது.

நடப்பது துருப்பிடித்தல்தான். இரும்பு துருவேறும்போது எலக்ட்ரான்களை இழக்கிறது. காற்று படும் இடத்தில் அவற்றை ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். நிலத்தடியில் ஆக்சிஜன் குறைவு. எனவே பக்கத்தில் வரும் குளோரின் சேர்மம் வாங்கிக்கொள்கிறது. எலக்ட்ரான் ஏற ஏற அதன் குளோரின் அணுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, சாதாரண உப்பில் உள்ள குளோரைடாக நீரில் சேர்கின்றன. எஞ்சுவது எத்திலீன், ஈத்தேன் போன்ற தீங்கற்ற வாயுக்கள். நடுவழியில் வினைல் குளோரைடு சிறிதளவு உருவாகும். அது முதற்பொருளைவிடக் கொடிய புற்றுநோய்க் காரணி. ஆகவே அதுவும் உடைந்து முடியும் அளவுக்கு நீர் சுவருக்குள் தங்க வேண்டும். நாளுக்கு 15 சென்டிமீட்டர் நகரும் நீர் 60 சென்டிமீட்டர் சுவரைக் கடக்க நான்கு நாளாகும். அந்த நான்கு நாள் போதுமா என்று ஆய்வகத்தில் குழாயில் இரும்பை அடைத்து, அந்த இடத்து நீரையே விட்டுப் பார்த்துத்தான் தடிமனை முடிவு செய்கிறார்கள்.

குரோமியத்தின் கதை வேறு. அது தனிமம், உடைக்க முடியாது. ஆனால் அதன் இரு வடிவங்களுக்கும் இடையே உள்ள வேற்றுமை பெரியது. ஆறு இணைதிறன் குரோமியம் மஞ்சளாக நீரில் கரைந்து, மண்ணில் ஒட்டாமல், நீர் போகும் வேகத்திலேயே போகும், புற்றுநோய் உண்டாக்கும். மூன்று இணைதிறன் குரோமியம் நீரில் அநேகமாகக் கரைவதே இல்லை. இரும்பு முதலதை இரண்டாவதாக ஒடுக்கி, துருவோடு சேர்த்துப் படியவைத்துவிடுகிறது.

இதற்குச் சிறந்த களம் அமெரிக்காவின் வட கரோலினாவில் எலிசபெத் சிட்டி கடலோரக் காவல் தளம். அங்கே விமானக் கொட்டகை ஒன்றுக்குள் முப்பது ஆண்டுக்கு மேல் ஒரு குரோமிய முலாம் பட்டறை இயங்கி 1984-இல் மூடப்பட்டது. தரை விரிசல் வழியே அமிலக் குரோமேட் இறங்கியிருந்தது. உலோகக் கழுவு கரைப்பானும் கூட இருந்தது. இரண்டும் சேர்ந்து பக்கத்துப் பாஸ்குவோடாங்க் ஆற்றை நோக்கி நகர்ந்தன. 1996 ஜூனில் 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 60 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுவர் எழுந்தது. அகழி வெட்டும் எந்திரம் மண்ணைத் தோண்டிக்கொண்டே போக, அதன் பின்னால் இணைத்த பெட்டியிலிருந்து இரும்புத் துகள் கீழே விழுந்து நிரம்பியது. கரை சரிய நேரமே கொடுக்காத வேகம். 450 டன் இரும்பு ஒரே நாளில் உள்ளே போய்விட்டது. சுவருக்கு மேல்புறம் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் வரை இருந்த குரோமேட், கீழ்ப்புறத்தில் 0.01 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியது. 15 ஆண்டு கழித்து அகழ்ந்து பார்த்தபோதும் சுவர் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சுவரின் அமைப்புச் செலவு சுமார் ஐந்து லட்சம் டாலர். அதில் இரும்பின் விலை பாதிக்கும் குறைவு. மீதி ஆய்வுக்கும் வடிவமைப்புக்கும் தோண்டுவதற்கும் போனது. கழிவை இலவசமாகவே வாங்கினாலும் சுவர் இலவசமாகிவிடாது. ‘குப்பையை வைத்தே குப்பையைத் தீர்க்கலாம்’ என்று மேடைகளில் சொல்லப்படும்போது இந்த வரி விடுபட்டுப் போகிறது.

ஆனாலும் பெரிய சுவருக்கு நூற்றுக்கணக்கான டன் பொருள் தேவைப்படும்போது கழிவுகளின் பக்கம் கண் திரும்புவது இயல்பு. இவற்றில் மிகச் சுவையான பொருள் வார்ப்பட ஆலையின் பழைய மணல். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் பென்சன் முதலிய பொறியாளர்கள் பன்னிரண்டு வார்ப்பட ஆலைகளின் கழிவு மணலைச் சோதித்து 2004 வாக்கில் முடிவுகளை வெளியிட்டார்கள். வார்ப்பு அச்சுக்குப் பயன்படும் ‘கிரீன் சாண்ட்’ என்பது சிலிக்கா மணல், பென்டோனைட் களிமண், பொடித்த நிலக்கரி, கொஞ்சம் ஈரம் ஆகியவற்றின் கலவை. உருகிய இரும்பைத் திரும்பத் திரும்ப ஊற்றும்போது சிறு இரும்பு மணிகள் மணலிலேயே தங்கிவிடும். பலமுறை சூடுபட்டுக் களிமண்ணின் பிடிமானம் போனதும் மணலை ஒதுக்கிக் கொட்டுகிறார்கள். ஆலைக்கு உதவாத அதே மணலில் வினைச்சுவருக்கு வேண்டிய மூன்றும் இருக்கின்றன. இரும்பு மணிகள் குளோரின் கரைப்பானை உடைக்கும். நிலக்கரி அதை உறிஞ்சிப் பிடித்து இரும்புக்கு அவகாசம் கொடுக்கும். களிமண் துத்தநாகம் போன்ற உலோக அயனிகளைப் பற்றும். இதில் உள்ள இரும்பு, அதற்கெனவே விற்கப்படும் இரும்புத் துகளுக்கு வினைத்திறனில் அதிகம் பின்தங்கவில்லை என்று சோதனைகள் காட்டின. சில களைக்கொல்லிகளையும் அது சிதைத்தது.

குறையும் அதே களிமண்ணில்தான். களிமண் மிகுந்த மணலில் நீர் எளிதில் புகாது. சுற்றியுள்ள நிலத்தைவிடச் சுவர் இறுகலாக இருந்தால் நீர் சுவரை மதிக்காமல் ஓரத்தால் சுற்றிக்கொண்டோ அடியால் நுழைந்தோ போய்விடும். நஞ்சும் கூடவே போகும். எனவே களிமண் குறைந்த மணலாகப் பொறுக்க வேண்டும், அல்லது பருமணலைக் கலக்க வேண்டும். இரும்பின் அளவும் ஆலைக்கு ஆலை பெரிதும் மாறுகிறது.

இந்த இடத்தில் கோயம்புத்தூர் நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. பம்பும் மோட்டாரும் செய்யும் அந்த ஊரின் பவுண்டரிகள் ஒதுக்கும் மணல் சாலையோரங்களிலும் கைவிட்ட கல்குவாரிகளிலும் குவிவது பழைய புகார். லேத் பட்டறைகளில் விழும் வார்ப்பிரும்புத் துகளோ ‘சி.ஐ. போரிங்’ என்ற பெயரில் எடைக்கு விலைபோகும் சரக்கு. உலைக்கே திரும்பிப் போய்விடும். அதனால் அதைக் கழிவு என்று சொல்வதே சரியில்லை. மணல்தான் உண்மையில் யாருக்கும் வேண்டாத பொருள். ஆனால் குவியலை அப்படியே அள்ள முடியாது. ஒரே வளாகத்தில் கிரீன் சாண்டும் இருக்கும், ‘நோ-பேக்’ எனப்படும் பிசின் கலந்த மணலும் இருக்கும். உடைத்துக் கொட்டும்போது இரண்டும் ஒரே மேட்டில் விழும். பிசின் மணலிலிருந்து பீனாலும் ஃபார்மால்டிஹைடும் கசியலாம். பித்தளை, வெண்கலம் வார்க்கும் இடத்து மணலில் ஈயமும் செம்பும் இருக்கும். அத்தகைய மணலை நிலத்தடி நீரில் புதைப்பது ஒரு நஞ்சை எடுத்து இன்னொன்றை வைப்பதாகும். கொட்டும் இடத்திலேயே பிரித்து வைக்காத ஆலையிடமிருந்து மணல் வாங்கிப் பயனில்லை. கடைசல் துகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. எந்திரத்தில் ஊற்றும் வெட்டு எண்ணெய் துகள் முழுவதும் படிந்திருக்கும். அதைக் கழுவியோ எரித்தோ நீக்காவிட்டால் இரும்பை நீர் தொடவே தொடாது.

இரும்பு உருக்கு ஆலைக் கசடு வேறு வகையில் வேலை செய்கிறது. அதில் சுண்ணாம்பும் இரும்பு ஆக்சைடும் மிகுதி. பாஸ்பேட்டையும் ஆர்செனிக்கையும் அது நன்றாகப் பற்றும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஈஸ்ட் சிகாகோ என்ற ஆலை நகரில் 2002-இல் ஆர்செனிக்கைத் தடுக்கக் கசடுச் சுவர் புதைக்கப்பட்டது. உருக்காலைகள் சூழ்ந்த ஊர் அது. பொருளைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. கசடின் சங்கடம் அதன் காரத்தன்மை. அதைத் தொட்டு வரும் நீரின் பி.எச். 12 வரை ஏறும். அது சலவைச் சோடா நீரைவிடக் காரமானது. சுவருக்கு அப்பால் குளமோ ஓடையோ இருந்தால் மீன் பிழைக்காது. தவிர, துருப்பிடிக்கா எஃகின் கசடில் குரோமியமே இருக்கும். ‘கசடு’ என்ற பொதுப்பெயரை நம்பி வாங்கிவிட முடியாது.

அனல்மின் நிலையச் சாம்பலும் அலுமினா ஆலையின் சிவப்புச் சேறும் ஆய்விதழ்களில் மிக அதிகம் பேசப்படும் பொருள்கள். களத்தில் மிகக் குறைவு. சாம்பலைக் காரத்தில் வேகவைத்துச் செயற்கை ஜியோலைட் ஆக்கினால் உலோகங்களை நன்றாகப் பிடிக்கும். பச்சையாகப் போட்டால் அதிலுள்ள ஆர்செனிக், செலினியம், போரான் ஆகியவை கரைந்து வரக்கூடும். சிவப்புச் சேற்றின் குணத்தை 2010 அக்டோபரில் ஹங்கேரியின் அய்க்கா நகருக்கருகே தேக்கம் உடைந்தபோது உலகம் பார்த்தது. தோலை அரிக்கும் காரக்குழம்பு ஊர்களுக்குள் புகுந்து பத்துப் பேர் இறந்தார்கள். காரத்தைத் தணித்த சேறு ஆர்செனிக்கை உறிஞ்சுவது உண்மை. தணிக்கும் செலவைச் சேர்த்துப் பார்த்தால் அதன் மலிவு பெரும்பாலும் கரைந்துபோகிறது.

உயிர்ப்பொருள் கழிவுகளின் நிலை இதைவிட நம்பிக்கை தருவது. அவை தாமாக நஞ்சைத் தொடுவதில்லை; நுண்ணுயிருக்குத் தீனியாகின்றன. கனடாவின் சட்பரி அருகே நிக்கல் ரிம் சுரங்கத்தில் கந்தகத் தாதுக் கழிவிலிருந்து இரும்பும் சல்பேட்டும் நிறைந்த நீர் கசிந்துகொண்டிருந்தது. 1995-இல் அங்கே நகராட்சிக் குப்பை உரம், இலை மக்கு, மரச்சீவல் ஆகியவற்றைச் சரளையோடு கலந்து புதைத்தார்கள். காற்றில்லாத இடத்தில் மக்கைத் தின்னும் பாக்டீரியா சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகிறது. சல்பைடு இரும்போடு சேர்ந்து கறுப்பாகப் படிகிறது. லிட்டருக்கு 250 முதல் 1,300 மில்லிகிராம் வரை இருந்த இரும்பு 40-க்கும் கீழே வந்தது. நீரின் அமிலத்தன்மையும் தணிந்தது. இதே வழியில், மரம் அறுக்கும் ஆலையின் தூள் நைட்ரேட்டுக்கு மருந்தாகிறது. கனடாவில் கழிவுநீர்த் தொட்டிகளின் கீழ்ப்புறத்திலும், நியூசிலாந்தில் பண்ணை நிலத்திலும் மரத்தூள் கலந்த அகழிகள் ஆண்டுக்கணக்கில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக்கொண்டிருக்கின்றன. மரத்தூள் மெதுவாகத்தான் மக்கும் என்பது இங்கே குறை அல்ல, ஆயுள்.

மீன் எலும்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எலும்பின் கால்சியம் பாஸ்பேட் ஈயத்தைக் கண்டால் விடாது. ஈயப் பாஸ்பேட் என்னும் கரையாத கனிமமாக்கிவிடும். அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்துச் சக்சஸ் சுரங்கத்தில் 2001-இல் மீன் பதனிடும் ஆலைகள் கழித்த எலும்பை அகழியில் கொட்டினார்கள். நான்கு ஆண்டில் அது நான்கரை டன் துத்தநாகத்தையும், கூடவே ஈயத்தையும் காட்மியத்தையும் பிடித்தது. பெரும்பகுதி சுவரின் முதல் ஐந்தில் ஒரு பங்கிலேயே தங்கிவிட்டது.

சுவரே இல்லாமல் இதே வேதியியல் இரண்டு வாளிக்குள் அடங்கியதும் உண்டு. வங்கதேசத்தில் லட்சக்கணக்கான அடிபம்புகள் ஆர்செனிக் கலந்த நீரைத் தந்தன. அங்கே ஆர்செனிக் ஆலையிலிருந்து வந்ததல்ல. வண்டல் மண்ணிலிருந்து இயற்கையாகக் கரைவது. ஆனால் தீர்வு பட்டறைக் கழிவிலிருந்து வந்தது. மூன்று மண்குடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல்குடத்தில் இரும்புச் சீவலும் மணலும், நடுக்குடத்தில் மரக்கரியும் மணலும் போட்டு, அடிக்குடத்தில் நீரைப் பிடிக்கும் ‘மூன்று கல்ஷி’ வடிகட்டி முதலில் வந்தது. இரும்பு துருவேறி ஒரே கட்டியாக இறுகி, சில மாதத்தில் நீர் இறங்காமல் போனது அதன் நோய். குஷ்டியாவைச் சேர்ந்தவரும் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகப் பேராசிரியருமான அபுல் ஹுசாம், வார்ப்பிரும்புச் சீவலைப் பதப்படுத்தி, இறுகாமல் துளைகளோடு நிற்கும் ஒரு கூட்டுப்பொருளாக்கினார். மேல் வாளியில் மணல், அந்த இரும்பு, செங்கல் ஜல்லி. கீழ் வாளியில் மணல், மரக்கரி, மீண்டும் ஜல்லி. துருவின் பரப்பில் ஆர்செனிக் ஒட்டிக்கொள்ள, நீர் மணிக்கு இருபது லிட்டருக்கு மேல் இறங்குகிறது. ‘சோனோ’ எனப் பெயரிட்ட இந்த வடிகட்டிக்கு 2007-இல் அமெரிக்கப் பொறியியல் கழகத்தின் பத்து லட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது. இரும்பு வேதியியலில் புதுமை எதுவும் இல்லை. இறுகாமல் வைத்துக்கொண்டதே கண்டுபிடிப்பு.

இறுகுவது நிலத்தடிச் சுவருக்கும் பொதுவான முதுமை. இரும்பு துருவேறும்போது நீரின் பி.எச். ஒன்பது, பத்து என்று ஏறும். கடினநீர் என்றால் கரைந்திருந்த சுண்ணாம்பு கார்பனேட்டாகப் படிந்து துளைகளை அடைக்கும். நீர் நுழையும் முதல் சில சென்டிமீட்டரில்தான் இது மிகுதி. இரும்பின்மேல் படியும் மேலுறை வினையை மந்தமாக்கும். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த தமிழ்நாட்டுக் கிணற்று நீருக்கு இந்தக் கணக்கை வெளிநாட்டு அனுபவத்தை வைத்துப் போட்டால் தவறிவிடும்.

தமிழ்நாட்டில் இந்த முறைக்கு நேராகப் பொருந்தக்கூடிய நஞ்சு ராணிப்பேட்டையில் இருக்கிறது. அங்கே இயங்கி 1990-களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் மேடாக விட்டுச் சென்றது. தோல் பதனிடும் தொட்டியில் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். இந்த மேட்டில் இருப்பதோ ஆறு இணைதிறன். மழை பெய்தால் மஞ்சள் நீர் வழிவதை அப்பகுதியினர் பல ஆண்டாகப் பார்க்கிறார்கள். சுற்று வட்டக் கிணறுகள் சிலவற்றில் லிட்டருக்கு நூறு மில்லிகிராமைத் தாண்டியும் குரோமியம் அளக்கப்பட்டது. இந்தியக் குடிநீர்த் தர அளவு 0.05 மில்லிகிராம். இந்தக் கிணறுகளில் அளந்தது, எலிசபெத் சிட்டியில் சுவர் சந்தித்ததைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

வேதியியல் அளவில் இரும்பு இங்கும் அதே வேலையைச் செய்யும். நிலவியல்தான் இடம் கொடுக்க வேண்டும். போர்டனிலும் எலிசபெத் சிட்டியிலும் இருந்தது மணல்; எந்திரம் வெட்ட வெட்ட அகழி விழுந்தது. ராணிப்பேட்டையில் மேலே சிதைந்த பாறை மண், கீழே விரிசல் விட்ட கடும்பாறை. சிதைந்த அடுக்கு வரை சுவரை இறக்கலாம். பாறை வெடிப்புக்குள் ஓடும் நீரை அது பிடிக்காது. வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரியாமல் வெட்டிய அகழி வீண். மேலும், மேடு மழையில் நனைந்துகொண்டே இருக்கும்வரை கீழே எந்தச் சுவரும் தாங்காது. மேட்டை மூடுவதோ அகற்றுவதோ முதல் வேலை; சுவர் மிச்சத்துக்கு.

திருப்பூர், நொய்யல் பக்கத்துச் சாயக்கழிவுக்கு இதே மருந்தைக் கேட்பவர்கள் உண்டு. அங்கே கிணறுகளைக் கெடுத்தது முக்கியமாகச் சாதாரண உப்பு. சோடியத்தையும் குளோரைடையும் இரும்போ கசடோ மரத்தூளோ பிடிக்காது; இரும்பு உடைத்துத் தள்ளும் கடைசிப் பொருளே குளோரைடுதான். சாயத்தின் நிறம் வேண்டுமானால் போகும், உப்புக்கரிப்பு போகாது. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பகுதிகளின் உவர்ப்புக்கும் இதே பதில்.

பொருத்தமான இடம் கிடைத்தாலும் கழிவு மணலையோ கசடையோ மண்ணுக்குள் வைக்க அனுமதி தேவை. அபாயகரக் கழிவு வகையில் வரும் பொருளை வேறு பயனுக்குக் கொள்ள, 2016-ஆம் ஆண்டு விதிகளின் ஒன்பதாம் விதிப்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுக்கும் செயல்முறைக்கு உட்பட வேண்டும். அதற்குமுன் பொருளை அமிலநீரில் பல மணிநேரம் குலுக்கி, என்ன கசிகிறது என்று பார்க்கும் சோதனை நடக்கும். ஒரு சுமைக்குச் செய்தால் போதாது; வரும் ஒவ்வொரு தொகுதிக்கும் வேண்டும், ஏனென்றால் கழிவை யாரும் தரம் பார்த்துத் தயாரிப்பதில்லை.

ஆயுள் முடிந்த சுவரை என்ன செய்வது என்பது அது எதைப் பிடித்தது என்பதைப் பொறுத்தது. குளோரின் கரைப்பானை உடைத்த இரும்பில் நஞ்சு எதுவும் மிச்சமில்லை, அப்படியே விட்டுவிடலாம். குரோமியத்தைப் பிடித்ததில் நஞ்சு உருமாறி அங்கேயே இருக்கிறது. மாங்கனீசு ஆக்சைடு மிகுந்த மண்ணில் அதில் ஒரு பகுதி மறுபடி ஆறு இணைதிறனுக்குத் திரும்ப வாய்ப்புண்டு. ஆர்செனிக்கைத் துருவில் ஒட்டவைத்த சுவரில் ஆக்சிஜன் அற்றுப்போனால் துரு கரைந்து ஆர்செனிக்கை விட்டுவிடும். ஆகவே உலோகம் பிடித்த சுவர்களைத் தோண்டி எடுத்து அப்புறப்படுத்தும் செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும்; பலர் சேர்ப்பதில்லை.

கண்காணிப்புக்குச் சுவரின் மேல்புறம், உள்ளே, கீழ்ப்புறம், இரு ஓரங்கள் என எல்லா இடத்திலும் சிறு ஆழ்துளைகள் போடுகிறார்கள். கீழ்ப்புறத்து நீர் மாதிரி மட்டும் போதும் என்று எண்ணுவது வழக்கமான தவறு. அங்கே நஞ்சு கூடுவது பெரும்பாலும் கடைசியில்தான் தெரியும். முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது நீர்மட்டம். சுவருக்கு முன்னால் மட்டம் மெல்ல உயர்ந்து, ஓரத் துளைகளில் மாசு தலைகாட்டினால், சுவரின் நுண்துளைகள் அடைபட்டு நீர் சுற்றுவழி தேடத் தொடங்கிவிட்டது என்று பொருள். மட்டம் உயர்வதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். அளவு நாடாவை ஆழ்துளையில் இறக்கி, மாதந்தோறும் எண்ணைக் குறித்துவைத்தால் போதும்.